விரல் நின்ற சொல்

சகோதரிகளே, எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊரான வரிப்பத்தான்சேனையில் வாந்திபேதி புகுந்தது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். உம்மா அந்த நோயிலேயே மவுத்தானார். மாதங்கள் கழித்துத் திறந்தபோது வகுப்பில் பாதி வாங்குகளில் உட்காரப் பிள்ளைகள் இல்லை. இங்கிலீசு படிப்பித்த டீச்சர் தன் ஊருக்குப் போனவர், திரும்பவே இல்லை.

டீச்சர் இல்லாத பாடத்தை எங்களுக்குத் தெரிந்த ஒரே வழியில் படித்தோம். ஓதப்பள்ளியில் குர்ஆன் சூறா பாடமாக்குவதுபோல, அவர் முன்பு பொருளோடு சொல்லித்தந்த பாடங்களை ஆடி ஆடி ஓதினோம். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் எனக்கு ஒன்றுதான், எழுத்துத் தெரியாது. வாப்பாவோ, மகள் இங்கிலீசுக்காரியாகிவிட்டாள் என்று வயலெல்லாம் பெருமையடித்தார். என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த மாரியில் அந்த நோய் திரும்பி வந்தது. தங்கச்சி ஹசீனா காலையில் விழுந்தாள், பகலுக்குள் கண் குழிந்து துவண்டுபோனாள். பாதையெல்லாம் வெள்ளம். பிள்ளையைத் தூக்கிப்போக வழியில்லை. வாப்பா தனியாக நீந்தாத குறையாக ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு பொட்டலம் வாங்கிவந்தார். ஒன்று கரைத்துக் குடிக்கக் கொடுக்க, மற்றது கிணற்றில் போட. வந்த பதற்றத்தில் எது எது என்பது மறந்துவிட்டது. இரண்டும் இறுக ஒட்டிய உறைக்குள் தூள். இரண்டிலும் இங்கிலீசு.

“ஒனக்குத்தான் தெரியுமே மகள், வாசி.”

“எனக்கு வாசிக்கத் தெரியா வாப்பா. ஓத மட்டுந்தான் தெரியும்.”

அவர் அப்படியே குந்திவிட்டார். “உம்மாவையும் இப்பிடித்தான் பார்த்துக்கிட்டு இருந்தம்” என்றார்.

பின்னேரம் அஸர் தொழுதேன். நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூதில் கிடந்து அழுதேன். யா அல்லாஹ், எனக்கு எழுத்துத் தெரியாது, உனக்குத் தெரியும்.

தலையைத் தூக்கும்போது அது மனதில் விழுந்தது. ஓதப்பள்ளியில் இடம் தவறினால், பாடமாக இருப்பதை முதலிலிருந்து ஓதி, சொல்லுக்குச் சொல் விரலை நகர்த்துவோம். விரல் இடத்தைப் பிடித்துவிடும். இங்கிலீசுப் புத்தகத்தில் கிணற்றுப் படம் போட்ட பாடத்தைத் திறந்து அப்படியே ஓதினேன். ‘ட்ரிங்க்’ என்று வாய் சொன்ன இடத்தில் விரல் நின்றது. அந்த உருவத்தைப் பொட்டலங்களில் தேடினேன். ஒன்றில் இருந்தது. கிணற்றுக்கான ‘வெல்’ என்ற சொல்லையும் அதேபோலப் பிடித்துத் தேடினேன். அது மற்றதில் இருந்தது.

பிஸ்மி சொல்லிக் கரைத்து, கரண்டி கரண்டியாகப் பருக்கினோம். மறுநாள் ஹசீனா, “ராத்தா, பசிக்குது” என்றாள். வாப்பா வாய்விட்டு அழுதார்.

அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் உம்மாவுக்கு அந்த உதவி ஏன் வரவில்லை என்று மனம் இன்றும் கேட்கிறது. டீச்சரும் வரவில்லை. பள்ளி முடிவில் எழுதிய சாதாரண தரப் பரீட்சையில் நான் இங்கிலீசில் சித்தியடையவில்லை. ஆனால் அந்தப் புத்தகம் முழுவதையும் விரலாலேயே வாசிக்கப் பழகினேன், ஹசீனாவையும் பழக்கினேன்.

சகோதரிகளே, கையில் ஒன்றும் இல்லை என்று துஆ கேட்பதை விட்டுவிடாதீர்கள். அரைகுறையாகத் தெரிந்ததை வைத்துக்கொண்டாவது அல்லாஹ்விடம் கேளுங்கள். அன்று என்னிடமும் அவ்வளவுதான் இருந்தது.