நாக்குக்கு அடியில்

என்னுடைய மனுசன் கிளெமென்ற் துறைமுகத்தில் வந்திறங்கும் மூட்டைகளைச் சரிபார்க்கும் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சீல் உடையாத பெட்டியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பார். கொட்டாஞ்சேனையில் எந்தக் கடையில் பருப்பு வாங்கினாலும், வீட்டில் திரும்ப நிறுத்துப் பார்க்காமல் அடுப்படிக்குள் விடமாட்டார். இந்த ஆளுக்குப் போய் பிரஷர் வந்தது.

கிளினிக்கில் ஒரு குளிசை கொடுத்தார்கள். பிரஷர் இறங்கவில்லை. இரண்டாக்கினார்கள், பிறகு மூன்றாக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் டொக்டர், "ஒழுங்காக் குடிக்கிறீங்களா?" என்று கேட்பார்.

"ஒருநாளும் தவறினதில்லை, டொக்டர்" என்பார் இவர். வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "பாத்தியே நேசம், மருந்தில ஒண்டும் இல்லை. எல்லாம் ஏமாத்து" என்பார். நானும் ஒரு பைத்தியக்காரி, மருந்தைத்தான் சந்தேகப்பட்டேன்.

அந்தோனியார் திருநாளுக்கு வீடு துடைத்தேன். அவருடைய சுரூபத்துக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் பூச்சாடியைத் தூக்கினால் கலகலவென்று சத்தம். கவிழ்த்தேன். அத்தனையும் குளிசை! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மறுநாள் காலை மூன்றையும் கையில் கொடுத்து, விழுங்க வைத்து, டோர்ச் அடித்து நாக்கைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் விட்டேன்.

மத்தியானம் கதிரையால் எழும்பினவர் அப்படியே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் பிரஷர் அதலபாதாளத்தில்.

"இன்னும் இறங்கினா ஒண்டும் சொல்ல ஏலாது" என்றார் டொக்டர். "வழமையாக் குடிக்கிற மருந்துதானே? புதுசா என்ன குடுத்தீங்க, அம்மா?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இவரோ கண்ணை மூடிக்கொண்டு, "நேசம்தான் என்னவோ தந்தவள்" என்று முனகினார்.

பாவி மனுசன்! இத்தனை வருஷம் சமைத்துப் போட்டவளைக் கொலைகாரியாக்கிவிட்டார்.

"டொக்டர், அந்த மூண்டையும் இண்டைக்குத்தான் முதல்முதலாக் குடிச்சவர். இவ்வளவு நாளும் அந்தோனியார்தான் குடிச்சவர்!" என்று கத்தினேன்.

"உண்மையா?" என்று டொக்டர் இவரிடம் குனிந்து கேட்டார்.

"முதல் குளிசை போட்ட அண்டைக்கே தலை சுத்தினது. நஞ்சோ எண்டு நினைச்சன். சொன்னா ஏசுவீங்கள் எண்டு பயம்." குடிக்காத மருந்து வேலை செய்யவில்லை என்று அவர்கள் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

சேலைன் ஏற்றி ஒருமாதிரி உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். இப்போது ஒரே ஒரு சின்னக் குளிசைதான். விழுங்கிவிட்டு, கேட்காமலே வாயைத் திறந்து காட்டுகிறார். ஆனால் விழுங்குவதற்கு முன்னால், தினமும் என் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்க்கிறார். நானும் நாக்கைத் தூக்கிப் பார்க்காமல் விடுவதில்லை.