திருகாணி மேல் சிவப்புப் பொட்டு

ஆம்ப்ளிஃபையரின் மூடியைக் கழற்றியதும் அவர் முதலில் எடுப்பது பிரஷ்ஷை அல்ல, நாக்கை. தனக்கு முன்னால் அந்தப் பெட்டியில் கை வைத்தவன் எவனோ, அவனுக்கு முறையாக நாலு வார்த்தை விழுந்த பிறகுதான் தூசி தட்டுவார். தெருவில் அவருக்கு ‘அர்ச்சனை’ என்றே பெயர்.

செட்டின் சொந்தக்காரர்களும் தப்ப முடியாது. உள்ளே படிந்திருக்கும் சிகரெட் பிசுக்கை விரலில் தொட்டுப் பார்த்து, “இந்த ஆள் பாட்டு கேக்கல, புகையிலை வறுத்திருக்கான்” என்பார். செத்த கரப்பான் கிடந்தால் அந்த வீட்டுச் சமையலறையின் லட்சணத்தைப் பார்த்தவர் போலச் சொல்வார்.

இப்படி உலகத்தையே இளக்காரமாகப் பார்த்தவரை ஒரே ஒருவர் இளக்காரமாகப் பார்த்தார். அவர் சம்பந்தி. ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. “இவர் என் மருமகளோட அப்பா, ரேடியோ ரிப்பேர் பண்றவர்” என்று நாலு பேருக்கு அறிமுகப்படுத்தும்போது, சாதத்தில் முடி கிடந்தது போல ஒரு முகம். அவமானம் அதோடு போனால் பரவாயில்லை. மகள் போனில் சொல்லியிருந்தாள்: “அப்பா, தினமும் சாப்பாட்டு மேசையில மாமாவுக்குத் தொட்டுக்க உங்க கதைதான். ஒரு தடவையாவது அவர் வாயை அடைங்க.”

அதற்கு வாய்ப்பு தானே வந்தது. சம்பந்தி ஒரு பழைய ஆம்ப்ளிஃபையரைத் துண்டில் சுற்றிக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். மரப் பெட்டி, அலுமினிய முகப்பு, கனமான குமிழ்கள்.

“பழைய சாமான் கடையில எடுத்தேன். இடது பக்கம் சத்தம் வருது, போகுது. வால்யூமைத் திருகினா சரளைக்கல்லுல வண்டி போற மாதிரி இருக்கு. பெரிய கைகாரர் யாரோ பார்த்த செட்டுன்னு சொல்லித்தான் குடுத்தான். உங்களால ஆகலைன்னா சொல்லிடுங்க சம்பந்தி, நான் தப்பா நினைக்க மாட்டேன்.”

மூடி திறந்தது. அர்ச்சனைக்காரருக்குள் ஆனந்தம் பொங்கியது.

“பெரிய கைகாரனா? இது கையா, காலா? கெபாசிட்டரை நிக்க வைக்கத் தெரியாம பசையைச் சாந்து மாதிரி அப்பியிருக்கான். அது காய்ஞ்சு கருகி, பக்கத்துக் கம்பியையும் அரிச்சிடுச்சு பாருங்க. சால்டரா இது? மூக்கைச் சிந்திப் போட்ட மாதிரி! இவன் கையை உடைச்சு அடுப்புல வைக்கணும்.”

சம்பந்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். “அப்படியா?” என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு கேள்வி மரியாதையோடு வந்தது அன்றுதான். “அந்த ஆளைப் பிடிச்சு நாலு பேர் முன்னால நிக்க வைக்கணும் சம்பந்தி. என் சர்வீஸ்ல ஒருத்தனையும் நான் விட்டதில்ல.”

“விடவே கூடாது” என்றபடி அவர் விளக்கை உள்மூலைக்குத் திருப்பினார்.

அங்கே ஒரு சின்னத் திருகாணி. மின்சாரத்தின் அளவை அதில்தான் சரிசெய்வார்கள். பிறகு அது நகராமலிருக்க நகப்பாலிஷில் ஒரு சொட்டு வைப்பார்கள். இதிலும் ஒரு சொட்டு இருந்தது. காய்ந்த ரத்தச் சிவப்பு, நடுவில் பொன்துகள்.

கல்யாணமான புதிதில் அவர் ஆசையாக வாங்கிக் கொடுத்து, மனைவி “இதைப் போட்டா பேய் மாதிரி இருக்கும்” என்று திருப்பிக் கொடுத்த பாலிஷ். வீணாக்க மனமில்லாமல் அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். என் கை பட்ட செட் என்று எவன் திறந்தாலும் தெரியட்டும் என்று ஒவ்வொன்றிலும் பொட்டு வைத்தார்.

மனைவி டீயோடு வந்தாள். எட்டிப் பார்த்தாள். “அட, இது நம்ம…”

அவர் நிமிர்ந்தார். அர்ச்சனைக்காரர் முகத்தில் அப்படி ஒரு கெஞ்சலை அவள் அதுவரை பார்த்ததில்லை.

“…நம்ம டீ ஆறிடுச்சு போலிருக்கே. வேற கொண்டு வரேன்” என்று திரும்பிவிட்டாள்.

“அடையாளம் ஏதாவது தெரியுதா?” என்றார் தணிக்கை.

“எவனோ அனாமத்துப் பய. இந்நேரம் செத்திருப்பான்.”

சம்பந்தி செட்டை விட்டுவிட்டுப் போனதும் அவர் வேலையில் இறங்கினார். கருகிய பசையைப் பொறுக்கிப் பொறுக்கிச் சுரண்டினார். அரித்த கம்பிகளையும் கெபாசிட்டர்களையும் மாற்றினார். குமிழ்களுக்குள் கிளீனர் அடித்து இப்படியும் அப்படியும் திருக, சரளைக்கல் வண்டி நின்றது. முகப்பை, எழுத்து அழியாமல், ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். திட்டு இல்லாமல் அவர் பார்த்த முதல் வேலை அது. ஒழுங்காகவும் வந்தது. இடது பக்கம் மணி மாதிரி பாடியது.

சில நாட்களில் மகள் போன் செய்தாள். குரலில் அத்தனை குதூகலம். “அப்பா, இப்பல்லாம் மேசையில உங்க கதையே இல்ல! அந்தப் பழைய மெக்கானிக் கதைதான். ‘மூக்கைச் சிந்திப் போட்ட மாதிரி’ன்னு நீங்க சொன்னதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். விருந்தாளி வந்தாலும் விடறதில்ல. அவனை நார் நாராக் கிழிச்சிட்டுத்தான் எழுந்திருக்கிறார்.”

“கிழிக்கட்டும்மா” என்றார்.

கடைசியில் திருகாணி மட்டும் பாக்கி. சமையலறை வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். மனைவி கேட்காமலே அலமாரியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து நீட்டினாள். தண்ணீர் மாதிரி இருந்தது.

“சிவப்பெல்லாம் இனிமே வேணாம். இதுல நிறமே கிடையாது. அடுத்துத் திறக்கிறவன் நிம்மதியாத் திட்டட்டும்.”