அடுமனை உர்சோவின் சத்தியம்

ரோமாபுரியில் ரொட்டி சுடுகிறவனாகப் பிறப்பதைவிட அதை வாங்கித் தின்கிறவனாகப் பிறப்பது எவ்வளவோ மேல். தின்கிறவனுக்குச் சும்மா கிடைக்கும். பேட்டையில் ரொட்டி வழங்கும் படிக்கட்டில் போய் நின்று அடையாள வில்லையைக் காட்டினால் அரசாங்கம் கொடுத்துவிடும். சுடுகிறவனுக்குத்தான் தலையெழுத்து. அப்பன் சுட்டால் மகனும் சுட வேண்டும். மகன் இல்லாவிட்டால் மகளைக் கட்டுகிறவன் வந்து சுட வேண்டும். சட்டம் அப்படி. சாமியாராகப் போகிறேன் என்றாலும் விடமாட்டார்கள், பட்டாளத்துக்குப் போகிறேன் என்றாலும் விடமாட்டார்கள். எங்கே ஓடினாலும் பிடித்துவந்து மாவுத் தொட்டிமுன் நிறுத்திவிடுவார்கள்.

உர்சோவின் தாத்தா காலத்தில் இதெல்லாம் கௌரவமாக இருந்ததாம். அடுமனைக்காரர் குழுவில் இடம் பிடிக்க அடிதடி. இடம் கிடைத்தவன் ஊருக்கு விருந்து வைத்துத் தன் பெயரைக் கல்லில் வெட்டிக்கொண்டான். ஊர் ஊதிப் பெருத்துக் கிடந்த காலம் அது. பிறகு ஊர் வற்றியது. வேலையை விட்டு ஓடுகிறவர்கள் பெருகினார்கள், அவர்களைக் கட்டிப்போடச் சட்டங்களும் பெருகின. ஒருவன் ஓடினால் அவன் பாரம் அடுத்தவன் தலையில் விழும். அதனால் ஒருவனை ஒருவன் காவல் காத்துக்கொண்டு கிடந்தார்கள்.

உர்சோவின் அடுமனை ஆற்றங்கரைக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கோதுமை கப்பலில் வந்து இறங்கும். கழுதைகள் மாவரைக்கும் கல்லைச் சுற்றும். பிறந்த நாள் முதல் அந்தச் சத்தத்தைத்தான் அவன் கேட்டான். கையெல்லாம் சூட்டுத் தழும்பு, நெஞ்செல்லாம் மாவு. நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் இருமல் வந்துவிடும். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மிச்சம் இருந்தவள் ஒரே மகள் லியோந்தியா. அவள் முழங்கையிலும் தழும்பு விழ ஆரம்பித்திருந்தது.

அவளைக் கட்டிக்கொள்ள ஒருவன் வந்தான். கலெந்தியோ என்று பெயர். யாரோ ஒரு பெரிய மனிதரின் மாளிகை இடிந்து கிடந்த இடத்தில் முட்டைக்கோசு போட்டு விற்கிறவன். எந்தக் குழுவுக்கும் கட்டுப்படாதவன். காலையில் எழுந்து எந்தத் திசையிலும் நடந்து போகலாம், ஏன் என்று கேட்க ஆளில்லை. உர்சோவுக்கு அவனைப் பார்த்தாலே பொறாமையாக இருந்தது.

“மாவு பெசையணும்னா பெசையறேன் மாமா. எனக்கென்ன கை கால் இல்லையா?” என்றான் கலெந்தியோ.

“வாய மூடுடா. இப்ப நீ பெசைவே. நாளைக்கு உன் புள்ள பெசையும். அப்புறம் அதோட புள்ள. இந்தக் கழுதைக்காவது செத்தா விடுதலை உண்டு.”

“அப்ப எனக்குப் பொண்ணு குடுக்க மாட்டீங்களா?”

“குடுப்பேன். ஆனா, என் பொண்ணுன்னு சொல்லிக் குடுக்க மாட்டேன்.”

பெற்ற பிள்ளையைக் குப்பைமேட்டில் போட்டுவிட்டுப் போவது அந்த ஊரில் அதிசயமில்லை. அதை இன்னொருவர் எடுத்து வளர்ப்பதும் அதிசயமில்லை. அப்படி எடுத்து வளர்த்தவள் ரத்த வாரிசு இல்லை, அவளைக் கட்டுகிறவனைக் குழு தொட முடியாது. லியோந்தியா குப்பைமேட்டில் கிடைத்த பிள்ளை என்று சத்தியம் செய்துவிட உர்சோ தீர்மானித்தான்.

மகளுக்கு அது பொறுக்கவில்லை. பிறகு ஒரு நாள், “அம்மா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பா?” என்று கேட்டாள்.

“உங்கம்மா இருந்திருந்தா எனக்கு முன்னாடி அவளே போயி சத்தியம் பண்ணியிருப்பா. போடி.”

நகர வாசலுக்கு வெளியே ஒரு புனிதரின் சமாதி உண்டு. அங்கே பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று எல்லோருக்கும் பயம். சத்தியம் அங்கேதான் என்று சொல்லிவிட்டார் குழுத் தலைவர் எக்சுபேரியோ. விடிந்ததும் அடுமனைக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். உர்சோ கல்லின்மேல் கையை வைத்தான். லியோந்தியா இரண்டடி தள்ளி நின்றாள்.

நன்றாகத்தான் சொன்னான், பாவி. குளிர்கால விடியலாம். குளியல்கூடத்துக்குப் பின்னால் சாம்பல் மேடாம். கிழிந்த கோணிக்குள் முனகல் கேட்டதாம். உதடு நீலம் பாய்ந்து கிடந்த குழந்தையை மனைவி அடுப்பு ஓரம் வைத்துச் சூடேற்றினாளாம். சொல்லச் சொல்ல அவனுக்கே அழுகை வந்துவிட்டது. தாடி நனைந்தது. கூட்டத்தில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

“அதான பாத்தேன்! இந்தச் செம்பட்ட முடி உன் வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சுன்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்,” என்றார் எக்சுபேரியோ. “ஆத்தங்கரைக்கு வர்ற கப்பக்காரனுங்க மேலதான் பழி போட்டு வச்சிருந்தேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். செத்துப்போன மனைவியைச் சொன்ன அந்தப் பேச்சையும் உர்சோ விழுங்கிக்கொண்டான்.

“சரி, நம்பறேன். ஆனா கேட்டுக்க. இனிமே அவ உன்ன அப்பான்னு கூப்பிட்டு ஒருத்தன் காதுல விழுந்தாலும், அந்த முட்டைக்கோசுக்காரன் மறுநாளே என் முன்னாடி மாவு பெசைவான்.”

அன்று முதல் அப்பா என்ற சொல் வீட்டில் நின்றுவிட்டது. சுவருக்கும் காது உண்டே. “மொதலாளி, தண்ணி கொண்டாரவா?” என்று கேட்டுவிட்டு முதலில் லியோந்தியாவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. கல்யாணத்தில் உர்சோ விருந்தாளிகளோடு விருந்தாளியாக நின்றான். மகள் கையைப் பிடித்துக் கொடுத்தவன் கலெந்தியோவின் சிற்றப்பன். எப்போதாவது உர்சோ அவர்கள் தோட்டத்துப் பக்கம் போனால், “வாங்க மொதலாளி,” என்பாள். யார் இருந்தாலும் அப்படித்தான், யாரும் இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

அடுத்த கோடையில் எல்லாம் முடிந்தது. ஆப்பிரிக்காவைப் பிடித்து வைத்திருந்த வாண்டல் படையினர் கார்த்தேஜிலிருந்து கப்பலில் வந்தார்கள். ஓடப் பார்த்த சக்கரவர்த்தியை ஊர் ஜனங்களே கல்லால் அடித்துக் கொன்றார்கள். வந்தவர்கள் ஊரைச் சாவகாசமாகச் சுரண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஆப்பிரிக்கக் கோதுமை வரவில்லை. படிக்கட்டில் ஜனங்கள் வில்லையைக் காட்டிக்கொண்டு நின்றார்கள், கொடுக்க ஆளில்லை. உர்சோவின் கழுதைகளை யாரோ ஓட்டிப்போனார்கள், அநேகமாகத் தின்றிருப்பார்கள். அத்தனை பேரையும் காவல் காத்த எக்சுபேரியோ எந்தச் சட்டத்தையும் கேட்காமல் நேபிள்ஸ் பக்கம் ஓடிவிட்டார். ஒரு வருஷம் பொறுத்திருந்தால் உர்சோ எந்தச் சத்தியமும் செய்ய வேண்டியிருந்திருக்காது. அதை யார் கண்டது? நூறு நூறு வருஷமாக நிற்கிற ஒன்று அடுத்த வருஷமும் நிற்கும் என்றுதானே நினைப்போம்.

உர்சோ இருமிக்கொண்டே தோட்டத்துக்கு நடந்தான். லியோந்தியா நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்து கோசு இலைகளை உரித்துக்கொண்டிருந்தாள். கலெந்தியோ சந்தைக்குப் போயிருந்தான்.

“எல்லாரும் ஓடிட்டானுங்க கண்ணு. இனிமே கேக்க நாதியில்ல. அப்பான்னு கத்திக் கூப்பிடு, நாலு தெருவுக்குக் கேக்கட்டும்.”

அவள் கை நின்றது. நிமிரவில்லை.

“ஒண்ணு கேக்கவா? அந்தச் சாம்பல் மேடு, கோணி... அதெல்லாம் நெசமா?”

உர்சோ சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“பைத்தியமாடி உனக்கு? உனக்காகத்தான சொன்னேன்.”

“நீங்க அப்படி அழுதீங்களே. அம்மா செத்தன்னிக்குக்கூட அப்படி அழல.”

“உன்ன விட்டுக்குடுக்கறேனேன்னு அழுதேன்.”

“இந்த முடி?”

“உங்கம்மாவோட அண்ணனுக்கு இதே முடிதான். கடலோட போயிட்டான்.”

“நான் பாத்ததில்லையே.”

யாரைக் கூட்டிவந்து சொல்லவைப்பது என்று உர்சோ யோசித்தான். பிரசவம் பார்த்தவள் காய்ச்சலில் போய்விட்டாள். அண்டை வீட்டார் சிதறிவிட்டார்கள். உண்மை தெரிந்தவன் உலகத்தில் அவன் ஒருவன்தான் மிச்சம்.

“வா தாயி, இப்பவே போவோம். அந்தச் சமாதி மேல கைய வச்சு சத்தியம் பண்றேன், நீ நான் பெத்த புள்ளன்னு.” கூட்டிப்போகக் கையையும் நீட்டிவிட்டான். கண்ணீர் தாடியில் இறங்கியது.

லியோந்தியா அப்போதுதான் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று கல்லின்மேல் கை வைத்து நின்றபோதும் இதே முகம்தான், இதே கண்ணீர்தான். அது உர்சோவுக்கே புரிந்தது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

“ஒக்காருங்க,” என்றாள் அவள். “வெயில்ல நடந்து வந்திருக்கீங்க. கஞ்சி ஊத்தறேன்.”

முதலாளி என்றும் சொல்லவில்லை. அப்பா என்றும் சொல்லவில்லை.