துப்லி சொல்லத் தெரியாத முதலாளி

மரக்கறிக் கடை வைத்திருக்கிற சகோதரங்களே, எங்கள் தொழிலில் வாழைக்காய் பழுக்க முதலே முதலாளியின் கோபம் பழுத்துவிடும்.

கடிதம்

ஹம்பேர்க் பெரிய ஸ்டேஷனுக்குக் கிட்ட என் கடை. மரக்கறிப் பக்கம் முழுக்க மாரிகாவின் கையில். எஸ்தோனியாக்காரி, ஆனால் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்தே முற்றலைச் சொல்லிவிடுவாள். ஜெர்மனியிலேயே பெரிய சனம் கூடுகிற ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குக் கடை போட மூன்று வாரம் இருக்க, வேலையை விடுவதாகக் கடிதம் நீட்டினாள். அவள் இல்லாவிட்டால் அந்தச் சனத்தைச் சமாளிக்க எனக்கு ஏலாது. "நான் ஏசினதுக்கோ?" என்று பாய்ந்தேன். டொச்சு மொழியில், முதலாளியைக் கூப்பிடும் 'ஷெஃப்' சேர்த்து, அமைதியாகச் சொன்னாள்: "ஏச்சு பழகிட்டுது, ஷெஃப். மூண்டு வருசத்தில ஒருநாளாவது என்னைத் துப்லி எண்டு சொன்னீங்களோ?"

கண்ணூறு

அதென்ன துப்லி? மினக்கெட்டு, முறையாக, ஒரு வேலையைச் செய்து முடித்த ஆளை எஸ்தோனியாவில் அப்படிச் சொல்வார்களாம். நான் விளக்கம் கொடுத்தேன்: எங்கள் ஆட்கள் முகத்துக்கு நேரே புகழமாட்டோம், கண்ணூறு பட்டுவிடும், மனதுக்குள் மெச்சிக்கொண்டு வாயால் குறை சொல்லுவோம். மாரிகா சிரிக்கவில்லை. "நாங்களும் கனக்கப் புகழுற ஆக்கள் இல்லை. அதுதான் அந்த ஒரு சொல்லையாவது வச்சிருக்கிறம்."

தேர் முடியும் வரை நிற்கச் சம்மதித்தாள். கடிதம் மேசை லாச்சிக்குள் போனது.

மலிவு விற்பனை

நான் விடுவேனா? அடுத்த நாள் மொத்தச் சந்தையில் வெண்டிக்காய்க்காரனுக்கு ஒரு துப்லி. மாம்பழத்தை அமத்திப் பார்த்த அக்காவுக்கு ஒரு துப்லி. மாரிகா கதவைத் திறந்து உள்ளே கால் வைக்கவே இன்னொன்று. அவளுக்கு என்னைவிடக் கோபம் வந்தது. "வந்ததுக்கே துப்லியோ? நான் இன்னும் ஒரு பெட்டியும் தூக்கேல்லை!"

ஊன்ட்றொப்

தேரன்று நடுமத்தியானம் மழை கொட்டியது. காற்றில் கூடாரம் எழும்ப, ஒரு கையால் கம்பைப் பிடித்துக்கொண்டு மறுகையால் நிறுத்துக் கொடுத்தாள் மாரிகா. நான் வழக்கம்போலக் கத்திக்கொண்டு நின்றேன். பின்னேரம் பெட்டியெல்லாம் வெறும் பெட்டி. கறிவேப்பிலை ஈரமாய்ப் போனதைச் சொல்ல வாயெடுத்தவன், விழுங்கிவிட்டு, "மாரிகா, நீ துப்லி" என்றேன். முகத்தைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்: "வாற செவ்வாய்க்கிழமை கடைக்கு வெண்டிக்காய் எத்தினை பெட்டி எடுப்பம், ஷெஃப்?"

சகோதரங்களே, ஒரு நல்ல சொல்லை வாயால் வெளியே எடுப்பது இருபது மூட்டை வெங்காயம் தூக்குவதைவிட இடுப்பு நாரியை முறிக்கிற வேலை.