நான்காவது தோல் துண்டு

புது டைல்ஸ் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஃப்ரிட்ஜை ஹாலிலிருந்து சமையலறைக்கு நகர்த்த வேண்டியிருந்தது. என் கணவர் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் தரம் பார்ப்பவர். தரையில் கீறல் விழக் கூடாதென்று, கம்பெனியில் கழித்துப்போட்ட நான்கு தோல் துண்டுகளைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒன்று வைத்துத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகுமாம்.

மூன்றை வைத்தார். நான்காவதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் ஃப்ரிட்ஜைச் சாய்த்துப் பிடித்திருந்தேன்.

“இன்னாங்க, கை வலிக்குது!”

“இதுல ஒரு குறையும் இல்லியே. இதும்மேலயா ஃப்ரிட்ஜை வெக்கிறது?”

“அப்போ என் தலைமேல வைங்க.”

அவர் காதில் விழவில்லை. அந்தத் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அப்படியே தள்ளினார். ஃப்ரிட்ஜின் நான்காவது கால், தோல் இல்லாமல், டைல்ஸில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு கிழித்தது. மண்டியிட்டு அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தவர், “செகண்ட் குவாலிட்டி. ஓடும்” என்றார்.

இப்போது அந்தக் கோட்டை மறைத்துக்கொண்டு கிடப்பது அதே நல்ல துண்டுதான். யாரும் அதை மிதிக்கக் கூடாதாம். நானும் திட்டிக்கொண்டே சுற்றித்தான் போகிறேன்.