சங்கத்தின் காது

“தீர்மானம்னா பத்து கை தூக்குது. நாற்காலிய மடக்குங்கன்னா ஒரு கையக் காணோம்!”

தெரு நலச் சங்கத்துக்குப் பத்தொன்பது வருடம் செயலாளராக இருந்த என் அத்தை, ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் இதைச் சொல்வார். சொல்லிக்கொண்டே இருபது நாற்காலிகளையும் தானே மடக்கிச் சுவரோரம் சாத்துவார். சம்பளம் கிடையாது. சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்து, “சாக்கடை அடைச்சிருக்கு” என்று போன் வரும், அவ்வளவுதான்.

அதற்கு முன் இருபத்தெட்டு வருடம் டெலிபோன் ஆபரேட்டர். ஒரு ஹலோ போதும். ஆள் யார், சளியா, புளுகா எல்லாம் சொல்லிவிடுவார். நான் குரல் மாற்றிப் பேசுவதில் கெட்டிக்காரி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை இருமும் தலைவர், மூக்கால் பேசும் பொருளாளர், எல்லாரும் என் தொண்டைக்குள் இருந்தார்கள். யாராகப் போன் செய்தாலும் அத்தையின் பதில் ஒன்றுதான்: “வைடி போனை, குரங்கே.”

அந்த வருடம் தெருக்கோடிச் சுவரில் இருந்த சின்ன வாசலை அடைக்கப்போவதாக நகராட்சி நோட்டீஸ் ஒட்டியது. அதன் வழியாக ஆஸ்பத்திரி நாலு நிமிட நடை. அடைத்தால் மெயின் ரோட்டைச் சுற்றி அரை மணி. வேண்டாமென்றால், பதினைந்து பேராவது கூட்டத்தில் உட்கார்ந்து கையெழுத்திட்ட தீர்மானம் திங்கள் காலைக்குள் போய்ச் சேர வேண்டும். அத்தை முட்டி வலியோடு மாடி மாடியாக ஏறினார். “வர்றேன்னு வாய் சொன்னாப் போதாது, காலும் வரணும்” என்று மிரட்டி, ஞாயிறு ஐந்து மணிக்குப் பதினாறு வீடுகளைப் பிடித்துவைத்தார்.

ஞாயிறு மூன்று மணிக்கு, பொங்கிவந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, தலைவர் குரலில் போன் செய்தேன். “அம்மா, கூட்டத்தை அடுத்த வாரம் வெச்சுக்கலாம். நகராட்சியில டைம் கொடுத்துட்டாங்க.”

“சரிங்க தலைவரே” என்று வைத்துவிட்டார்.

என்னையே திருப்பிக் கலாய்க்கிறார் என்று நினைத்து நான் சினிமாவுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அத்தை வீட்டு வாசலில் தலைவர் நின்று இருமிக்கொண்டிருந்தார். சங்க அறையில் ஒண்டியாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருந்தார்.

“கூட்டம் இல்லைன்னு யாரும்மா சொன்னது?”

“நான்தாங்க. தேதிய மாத்தி நினைச்சுட்டேன்.”

“பதினாறு வீட்டுக்கும் போன் போட்டா?”

“மறதிங்க. வயசாகுதில்ல.”

செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். பத்துப் பேர் குரல் தெரிந்த எனக்கு என் குரல் வரவில்லை. அத்தை மறுபடி வீடு வீடாக ஓடினார். ஏழு பேர்தான் கிடைத்தார்கள். மற்றவர்கள், கூட்டம்தான் இல்லையே என்று வெளியே கிளம்பிப் போயிருந்தார்கள்.

இரண்டு வாரத்தில் வாசல் சுவரானது. அடுத்த கூட்டத்தில், “நீங்க ஓய்வெடுங்கம்மா” என்று மரியாதையாகச் சொல்லி, செயலாளரின் தீர்மான நோட்டை வாங்கிக்கொண்டார்கள். அதன்பின் அவர் அந்தப் பக்கம் போகவில்லை. நாற்காலிகள் மடக்கப்படாமல் கிடந்தன.

எட்டு மாதம் கழித்து அத்தைக்கு நெஞ்சு வலி. ஆட்டோவில் மெயின் ரோட்டைச் சுற்றித்தான் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டிலோரத்து ஜன்னலிலிருந்து பார்த்தால், பழைய சுவருக்கு நடுவே புதுச் செங்கல் தனியாகத் தெரிந்தது.

பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். வந்ததோ தலைவர் குரல்: “அம்மா, சங்கத்துல எல்லாரும் உங்களைத்தான் திரும்பக் கேக்கறாங்க.”

மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார். அதற்கு முன், என் தலைவர் குரலுக்குக் கண்ணைத் திறக்காமலே அவர் சொன்ன பதில் இது:

“தலைவர் இருமாம ஒரு வாக்கியம் பேசினதில்லடி. அன்னிக்கும் நீ இருமல, இப்பவும் இருமல. அவர் வாசல்ல வந்து நின்னு இருமினப்பதான் எனக்கே உறைச்சுது. ஆபரேட்டருக்குக் காது போச்சுன்னு சொல்லவா, அண்ணன் பொண்ணு குரங்குன்னு சொல்லவா? மறதின்னா எல்லார் வீட்டுலயும் இருக்கு, யாரும் மேல கேக்க மாட்டாங்க. சரி, அழுதது போதும். அந்த நாற்காலியவாவது மடக்கி வெச்சுட்டுப் போ.”