கழற்றிய பெல்ட்

"இந்தக் குளிருக்கு ஏசி எதுக்குங்க?" அட்டனில் என் கராஜுக்கு வருகிறவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்பது இது. ஏசி பெல்ட்டைக் கழற்றிவிட்டால் என்ஜினுக்குப் பாரம் குறையும், வேன் ஏற்றத்தில் இழுக்கும். தங்கச்சி புருசனின் பழைய வேனிலும் கழற்றினேன். "இருந்துட்டுப் போகட்டுமே மச்சான்" என்றார். நான்தான் கேட்கவில்லை. பெரிய மேதாவி.

போன மழைக்காலத்தில், றொசல்ல பக்கம் ஒரு வளைவில், பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு லயத்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த ஒரு அம்மாவை அந்த வேன் மோதியது. அவர் இறந்துவிட்டார். கண்ணாடி உள்பக்கம் பனி மூடிவிட்டது, பாதை தெரியவில்லை என்று, ஓட்டிவந்த மாப்பிள்ளை பொலிஸில் சொன்னார். யாரும் நம்பவில்லை.

வேனைப் பரிசோதிக்க வந்த அதிகாரி, அதைப் பழுது பார்ப்பவன் என்று என்னையும் கூப்பிட்டார். என்ஜின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் சரியாக இருந்தது. ஸ்டார்ட் செய்து, ஹீட்டருக்குப் போகிற இரண்டு குழாய்களையும் தொட்டேன். இரண்டும் சூடு. குமிழைத் திருப்பினால் வெப்பக் காற்று வந்தது. ஹீட்டரில் கோளாறு இல்லை. ஆனால் வெளியே மழை, உள்ளே அதிகாரி, மாப்பிள்ளை, நான் என்று மூன்று பேர். எங்கள் மூச்சிலேயே கண்ணாடி வெளுத்தது. ஏசி பொத்தானை அமுக்கினேன். விளக்கு எரிந்தது, கண்ணாடி தெளியவில்லை.

காற்றின் ஈரத்தை எடுப்பது ஏசிதான். இது எனக்குத் தெரியாததா? குளிரவைக்கத்தானே என்று நினைத்துவிட்டேன்.

என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டுக் குனிந்தோம். பெல்ட் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. யார் கழற்றியது என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். மாப்பிள்ளை என்னைப் பார்க்கவே இல்லை.

"நான்தான் சேர்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. கராஜை மூடிவிடுவார்கள் என்று பயந்தேன். கழற்றியது நான் என்று இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த அம்மாவின் வீட்டுப் பக்கம் போகவும் துணியவில்லை. லைசன்ஸ் பறிபோய், வழக்குக்கு அலைகிறார் மாப்பிள்ளை.

நேற்று தங்கச்சி கராஜுக்கு வந்து அழுதாள்.

"அவருக்கு எதுக்குண்ணே இந்த வேல? கழட்டுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"